பெண் கை நீட்டமாட்டாள்: ஒரு நம்பிக்கை பிறந்த கதை

“அந்த சீட்டுக்கு இப்போது ஒரு மேடம் வந்திருக்கிறார், காசு கேட்கமாட்டார்” என்று அரசு அலுவலக வாசல்களில் சொல்லிக்கொள்வது நமக்குப் பழகிய பேச்சு. பேச்சு பழையதுதான். ஆனால் அது அரசாங்கங்களின் கொள்கையாகவும், சமன்பாடும் அட்டவணையும் தாங்கிய ஆய்வு முடிவாகவும், உலக வங்கியின் பரிந்துரையாகவும் வளர்ந்தது வெகு அண்மையில்தான். 1998-க்கும் 2001-க்கும் இடையில், மூன்றே ஆண்டுகளில் அது நடந்து முடிந்தது. அதற்கு முன்பிருந்தே ராஜஸ்தானின் வறண்ட ஊர்களில், ஊழலை எப்படிக் குறைப்பது என்ற அதே கேள்விக்கு வேறொரு விடை உருவாகிக்கொண்டிருந்தது. அந்த விடையை எழுப்பியவர்களில் பலர் கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள்.

முதல் விடையின் கதை தென் அமெரிக்காவில் தொடங்குகிறது.

லிமாவின் சாலைச் சந்திப்பில்

பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் போக்குவரத்துக் காவலருக்கு மாமூல் கொடுப்பது ஊரறிந்த வழக்கம். 1998-இல் அதிபர் அல்பெர்ட்டோ ஃபுஜிமோரியின் அரசு அதற்கு ஒரு வைத்தியம் கண்டது. சாலைச் சந்திப்புகளிலிருந்து ஆண் காவலர்களை விலக்கி, அந்த வேலையைப் பெண்களிடம் கொடுத்தது. லஞ்சத்தை ஒழிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று வெளிப்படையாகவே அறிவித்தது. மறு ஆண்டு மெக்சிகோ நகரமும் அதே வழியில் இறங்கியது. அங்கே ஆண் காவலர்களிடமிருந்து அபராதச் சீட்டு எழுதும் அதிகாரம் பறிக்கப்பட்டு, புதிதாகச் சேர்த்த பெண் காவலர்களுக்கு வழங்கப்பட்டது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் இதை வியந்து எழுதின.

எந்த ஆய்வையும் வைத்து எடுத்த முடிவல்ல இது. பெண் ஒழுக்கமானவள், சட்டத்துக்குப் பயந்தவள், வீட்டை நினைத்து நடப்பவள் என்று ஊரில் எல்லோரும் நம்புவதே போதுமான ஆதாரமாக இருந்தது. லிமாவில் அந்த ஏற்பாடு நிலைத்தும்விட்டது. பத்தாண்டுகள் கழித்தும் அந்நகரத்துப் போக்குவரத்துக் காவலில் பெண்களே பெரும்பான்மை. பொதுமக்களிடம் அவர்களுக்கு நல்ல பெயரும் இருந்தது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மாமூல் தனியாள் வேலை அல்ல. தெருவில் வாங்கும் காசில் மேலே இருப்பவருக்கு ஒரு பங்கு போகும். நல்ல சந்திப்பில் பணி போடுவதற்கே ஒரு விலை இருக்கும். யாரிடம் வாங்குவது, யாருக்குக் கொடுப்பது என்ற சங்கிலி பல ஆண்டுகளில் இறுகியது. ஒரே நாளில் ஆட்கள் மொத்தமாக மாறினால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். அப்படி அறுந்ததற்குப் பெண் என்பது காரணமா, புதியவர் என்பது காரணமா? அந்தக் கேள்வியை அன்று பெரிதாக யாரும் எழுப்பவில்லை.

பெண்களைத் தெருவில் நிறுத்திய அந்த அரசின் கதை எப்படி முடிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1995-இல் பெய்ஜிங்கில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டுக்கு நேரில் போய் உரையாற்றியவர் ஃபுஜிமோரி. 2000 செப்டம்பர் 14 அன்று பெருவின் தொலைக்காட்சியில் ஒரு வீடியோ ஒளிபரப்பானது. ஃபுஜிமோரியின் வலக்கரமும் உளவுத் துறையின் உண்மையான தலைவருமான விளாடிமிரோ மொண்டெசினோஸ், எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரைக் கட்சி மாற வைக்கக் கட்டுக்கட்டாகப் பணம் கொடுக்கும் காட்சி அது. நீதிபதிகளையும் அரசியல்வாதிகளையும் தொலைக்காட்சி முதலாளிகளையும் விலைக்கு வாங்கிய மொண்டெசினோஸ், அந்தப் பேரங்களைத் தானே ரகசியமாகப் படம்பிடித்து வைத்திருந்தார் என்பது பின்னர் தெரியவந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஃபுஜிமோரி ஜப்பானுக்குப் போய், அங்கிருந்து தொலைநகலில் ராஜினாமாக் கடிதம் அனுப்பினார். பின்னாளில் மனித உரிமை மீறலுக்காகவும் ஊழலுக்காகவும் தண்டனை பெற்றார். தெருமுனையில் சில்லறை லஞ்சத்தைப் பெண்கள் துடைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அரசின் உச்சியில் நாடே விலை பேசப்பட்டுக்கொண்டிருந்தது.

வாஷிங்டனில் ஓர் அட்டவணை

உலக வங்கி நெடுங்காலம் ஊழல் என்ற சொல்லை வெளிப்படையாக உச்சரிக்கத் தயங்கியது. கடன் வாங்கும் நாடுகளின் உள் அரசியலில் தலையிடக் கூடாது என்பது அதன் விதி. ஊழல் அந்த வரம்புக்குள் வரும் விஷயமாகக் கருதப்பட்டது. 1996-இல் அதன் தலைவர் ஜேம்ஸ் வோல்ஃபென்சன் ஆண்டுக் கூட்டத்தில் ஊழலைப் புற்றுநோய் என்று குறிப்பிட்டுப் பேசினார். அதோடு கதவு திறந்தது. எந்த நாட்டில் ஊழல் அதிகம், ஏன் அதிகம், எதைச் செய்தால் குறையும் என்று பொருளியலாளர்கள் எண்களோடு உட்கார்ந்தார்கள்.

1999 அக்டோபரில் டேவிட் டாலர், ரேமண்ட் ஃபிஸ்மன், ராபர்ட்டா கட்டி என்ற மூவரும் வங்கிக்காக ஓர் ஆய்வுத் தாளை வெளியிட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளை எடுத்துக்கொண்டு, நாடாளுமன்றத்தில் பெண்களின் விகிதத்தை ஒரு பக்கமும் ஊழல் மதிப்பெண்ணை மறுபக்கமும் வைத்துப் பார்த்தார்கள். பெண்கள் அதிகமாக இருக்கும் நாடுகளில் ஊழல் குறைவு என்று எண்கள் சொல்லின. நாட்டின் வருமானம் போன்ற பிற காரணிகளைக் கழித்துப் பார்த்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது.

அதையொட்டியே ஆனந்த் சுவாமி, ஸ்டீபன் நாக், யங் லீ, ஓமர் அஸ்ஃபர் என்ற நால்வரின் ஆய்வும் வந்தது. அவர்கள் நாடாளுமன்றத்தோடு நிற்கவில்லை. லஞ்சம் வாங்குவதை நியாயப்படுத்த முடியுமா என்று பல நாட்டு மக்களிடம் கேட்ட கருத்துக்கணிப்பில், எந்தச் சூழ்நிலையிலும் முடியாது என்று சொன்னவர்களின் விகிதம் ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாக இருந்ததைக் காட்டினார்கள். சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்த ஜார்ஜியாவில் தொழில் நடத்துவோரிடம் எடுத்த தரவில், பெண்கள் நடத்தும் நிறுவனங்கள் லஞ்சம் கொடுப்பது குறைவு என்றும் கண்டார்கள். இரண்டு ஆய்வுகளும் 2001-இல் ஆய்விதழ்களில் அச்சாயின. அதே ஆண்டு பாலின சமத்துவம் பற்றி உலக வங்கி வெளியிட்ட பெரிய அறிக்கையும் இவற்றை எடுத்தாண்டது.

நம்பிக்கைக்கு இப்போது எண்களின் முத்திரை கிடைத்துவிட்டது. எல்லோருக்கும் அது வசதியாகவும் இருந்தது. இட ஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்களுக்குக் கையில் ஒரு புதிய வாதம் கிடைத்தது. ஊழலை ஒழிக்கச் சொன்ன நிதி நிறுவனங்களுக்குச் செலவில்லாத ஒரு மருந்து கிடைத்தது. ஆட்சியாளர்களுக்கு, நிர்வாகத்தைத் தொடாமலே சீர்திருத்தம் செய்ததாகக் காட்டிக்கொள்ள ஒரு வழி கிடைத்தது.

விரிசல்கள்

முதல் விரிசல் 2003-இல் விழுந்தது. குற்றவியல் ஆய்வாளரான ஹுங்-என் சங் அதே வகைத் தரவை எடுத்து, கூடவே மூன்றைச் சேர்த்தார்: சட்டத்தின் ஆட்சி, பத்திரிகைச் சுதந்திரம், தேர்தல். இவற்றைச் சேர்த்ததும் பெண்களின் எண்ணிக்கைக்கும் ஊழலுக்கும் இருந்த தொடர்பு வலுவிழந்தது. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: நீதிமன்றமும் பத்திரிகையும் தேர்தலும் ஒழுங்காக நடக்கும் நாட்டில் ஊழலும் குறைகிறது, பெண்களும் அதிகாரத்துக்கு வர முடிகிறது. இரண்டும் ஒரு தாயின் பிள்ளைகள். ஒன்றைப் பார்த்து இன்னொன்றைப் பெற்றது அதுதான் என்று சொல்லிவிட்டோம்.

இரண்டாவது சிக்கல் அளவுகோலிலேயே இருந்தது. டாலர் குழு பயன்படுத்திய ஊழல் மதிப்பெண், வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு ஆலோசனை விற்கும் ஒரு நிறுவனம் தயாரித்தது. ஏற்றுமதி இறக்குமதி உரிமம், அந்நியச் செலாவணி, வரி மதிப்பீடு, கடன் ஆகியவற்றுக்காகக் கேட்கப்படும் கையூட்டு அதில் முக்கிய இடம் பெறுகிறது. பிரசவ வார்டில் ஆயா கேட்கும் காசுக்கோ, விதவைச் சான்றிதழுக்குக் கிராம அலுவலர் கேட்கும் காசுக்கோ அந்த மதிப்பெண்ணில் இடம் தேடினால் கிடைப்பது கடினம். பெண்கள் அன்றாடம் முட்டிக்கொள்ளும் ஊழல் எது என்று கேட்காமலே, பெண்களுக்கும் ஊழலுக்கும் உள்ள உறவு கணக்கிடப்பட்டது.

2007-இல் அரசியல் அறிஞர் ஆன் மரி கோட்ஸ் இன்னும் நேராகக் கேட்டார். ஊழல் செய்ய வாய்ப்பு வேண்டும். கட்சி நிதி, ஒப்பந்தம், இடமாற்றம் ஆகியவை பேசப்படும் வட்டங்கள் ஆண்களுடையவை. இரவு விருந்துகளிலும் தேர்தல் செலவுப் பேரங்களிலும் பெண்ணுக்கு இடம் கிடையாது. உள்ளே விடப்படாதவர் திருடவில்லை என்பதை அவருடைய இயல்பு என்று எழுதிவைப்பது பெரிய பிழை என்றார். பெண்களை அரசியலின் துப்புரவாளர்களாக்குவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. உரிமையாக வர வேண்டிய இடத்தை நல்லொழுக்கத்துக்குப் பரிசாக மாற்றினால், முதல் பெண் அமைச்சர் சிக்கிய அன்றே அந்தப் பரிசு திரும்பப் பெறப்படும். ஆண் அமைச்சர் எத்தனை பேர் சிக்கினாலும் ஆண்களுக்கான இடம் கேள்விக்குள்ளாவதில்லை.

ஆய்வுக்கூடச் சோதனைகளும் வந்தன. மெல்போர்ன், டெல்லி, ஜகார்த்தா, சிங்கப்பூர் ஆகிய நான்கு நகரங்களில் லஞ்சத்தை ஒரு விளையாட்டுபோல அமைத்து நடத்திய சோதனையின் முடிவு 2009-இல் வெளியானது. மெல்போர்னில் பெண்கள் ஆண்களைவிட லஞ்சத்தைக் குறைவாகவே சகித்தார்கள். மற்ற மூன்று நகரங்களிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. பிறவிக் குணம் என்றால் நான்கு நகரங்களிலும் அது ஒன்றுபோலத் தெரிந்திருக்க வேண்டும். 2013-இல் ஜஸ்டின் எசரே, ஜினா சிரிலோ என்ற இருவர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். ஜனநாயகம் வேரூன்றிய நாடுகளில் இந்த வேறுபாடு தெரிகிறது. சர்வாதிகார நாடுகளில் மங்கிவிடுகிறது. ஊர் வழக்கத்தை மீறும் பெண்ணுக்கு ஆணைவிடக் கடுமையான தண்டனை விழும். எனவே அவள் வழக்கத்தோடு ஒத்துப்போகிறாள். லஞ்சம் அவமானமாகக் கருதப்படும் இடத்தில் அவள் வாங்குவதில்லை. லஞ்சமே நடைமுறையாக இருக்கும் இடத்தில் அதையும் மறுக்க அவளால் முடிவதில்லை.

ராஜஸ்தானில் பிறந்த இன்னொரு விடை

ஆன் மரி கோட்ஸுக்கு இந்தச் சந்தேகம் வந்ததில் வியப்பில்லை. 1999-இலேயே, ராப் ஜென்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து, ராஜஸ்தானில் கணக்குக் கேட்டு எழுந்த ஓர் இயக்கத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியவர் அவர். உலக வங்கி பெண்களை எண்ணிக்கொண்டிருந்த அதே ஆண்டு அது.

அந்த விடையின் வேர் 1981-க்குப் போகிறது. அஜ்மீர் மாவட்டத்தின் ஹர்மாரா ஊருக்கு அருகே வறட்சி நிவாரணமாக ஒரு சாலை போடும் வேலை நடந்தது. கல் சுமந்தவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பெண்கள். அவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி தரப்படவில்லை. செய்த வேலையின் அளவு போதாது என்று சொல்லிக் குறைத்தார்கள். நௌர்தி பாய் என்ற கூலித் தொழிலாளி முன்னின்று எதிர்த்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. நிவாரண வேலை என்றாலும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்தால் அது கட்டாய உழைப்பே, அரசியல் சாசனத்தின் 23-ஆம் பிரிவை மீறுவதே என்று 1983-இல் தீர்ப்பு வந்தது. பின்னர் எழுதப் படிக்கவும் கணினியை இயக்கவும் கற்றுக்கொண்ட நௌர்தி பாய், 2010-இல் அதே ஹர்மாராவின் ஊராட்சித் தலைவரானார்.

தீர்ப்பு வந்தும் கூலி வரவில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாலினப் பாகுபாடும் ஊழலும் கைகோக்கும் இடம் அதுதான். வேலைக்கு வந்தவர்களின் பெயர் மஸ்டர் ரோலில் ஏறும். எவ்வளவு மண் வெட்டினார்கள் என்பது பொறியாளரின் அளவுப் புத்தகத்தில் ஏறும். கூலியை இந்த இரண்டு ஏடுகளும்தான் தீர்மானிக்கும். மண் வெட்டிய பெண்ணுக்கு எழுத்து தெரியாது. ஏட்டைக் காட்டச் சொன்னால் அது அரசாங்க ரகசியம். வெற்றுத் தாளில் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டால் அதற்கு மேல் என்ன தொகையும் எழுதலாம். செத்தவர் பெயரிலும், ஊரை விட்டே போனவர் பெயரிலும் கூலி எடுக்கலாம். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாத சமூகம், அவளை ஊர்க்கூட்டத்தில் பேசவிடாத சமூகம், ஊழல்காரருக்கு முதலீடே இல்லாத ஒரு தொழிலை அமைத்துக் கொடுக்கிறது. திருடுவதற்கு ஆகும் செலவு யாரிடம் மிகக் குறைவோ அவரிடம்தான் முதலில் திருடுவார்கள்.

1987-இல் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் ராஜ்சமந்த் பகுதியின் தேவ்டுங்ரி என்ற சிற்றூரில் ஒரு மண் வீட்டில் குடியேறினார்கள். சென்னையில் பிறந்த அருணா ராய், ஐ.ஏ.எஸ். பதவியை 1975-இல் துறந்தவர். 1990 மே 1 அன்று பீம் என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு உருவானது. கூலிக்காகப் பலமுறை உண்ணாவிரதம் இருந்து பார்த்த பிறகு அவர்களுக்கு ஒன்று புரிந்தது: ஏடு வெளியே வராதவரை கூலி கைக்கு வராது.

1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டத்தின் கோட் கிரானாவில் ஒரு பந்தல் போட்டார்கள். கையில் கிடைத்த மஸ்டர் ரோல் நகல்களை ஊர் முன்னிலையில் உரக்கப் படித்தார்கள். ஒவ்வொரு பெயராகப் படிக்க, “நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை” என்றும், கட்டி முடித்ததாக எழுதியிருக்கும் கட்டடத்துக்குக் கூரையே இல்லை என்றும் மக்கள் எழுந்து சொன்னார்கள். ஜன் சுன்வாய் என்ற அந்தப் பொது விசாரணைக்கு வழக்கறிஞர் தேவைப்படவில்லை; எழுத்தும் தேவைப்படவில்லை. தன் பெயரைக் காதால் கேட்டால் போதும். முக்காட்டுக்குள் இருந்த பெண்ணும் அங்கே சாட்சியானாள்.

ஏடுகளின் நகல் தரப்படும் என்று முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத் 1995-இல் சட்டமன்றத்தில் அறிவித்தார். அறிவிப்பு அறிவிப்பாகவே கிடந்தது. 1996 ஏப்ரல் 6 அன்று பேவர் நகரத்தில் தொடங்கிய தர்ணா 40 நாள் நீடித்தது. அந்த நாட்களில் சுசீலா என்ற பெண்ணிடம் பத்திரிகையாளர்கள் கேட்டார்கள்: நீ படித்ததே நாலாம் வகுப்பு, உனக்கு எதற்குத் தகவல் உரிமை? அவர் சொன்ன பதில் இயக்கத்தின் வரலாறாகிவிட்டது. மகனிடம் பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்பேன்; அரசாங்கம் என் பெயரில் கோடிக்கணக்கில் செலவழிக்கிறது, கணக்குக் கேட்கமாட்டேனா என்பது அதன் பொருள்.

இந்த வழியில்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, 1997-இல், மாநில அளவில் இப்படியொரு சட்டத்தை இயற்றியது தமிழ்நாடு. ஆனால் விலக்குகள் மிகுந்த சட்டம் அது. 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், கிராம சபையே கணக்கைத் தணிக்கை செய்யும் சமூகத் தணிக்கையை 17-ஆம் பிரிவில் விதியாக்கியது. கோட் கிரானாவில் போட்ட பந்தல் சட்டத்தின் ஒரு பிரிவாக மாறியது. நூறு நாள் வேலை என்று தமிழ்நாட்டில் பெயர் பெற்ற அந்தத் திட்டத்துக்கு இங்கே வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள் என்பதால், அந்தப் பிரிவு யாருக்குத் தேவைப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை.

இரண்டு விடைகளும் சந்தித்த இடம்

பெண் தலைவரா, கணக்குக் கேட்கும் ஏற்பாடா – எது ஊழலைக் குறைக்கிறது? இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க ஆந்திரப் பிரதேசம் வாய்ப்பளித்தது. அங்கே சமூகத் தணிக்கை முறையாக நடந்தது. ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஃபர்சானா அஃப்ரிடி, வேகார்ட் ஐவர்சன், எம்.ஆர். சரண் ஆகியோர் 300 ஊராட்சிகளின் 2006 முதல் 2010 வரையான தணிக்கை அறிக்கைகளைப் படித்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள்.

பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளில் தொடக்கத்தில் முறைகேடு கூடுதலாக இருந்தது. காலம் போகப் போக அந்த வேறுபாடு மறைந்தது. அனுபவம் பெற்ற பிறகு பெண் தலைவர்கள் முன்னேறினார்கள். பதவிக்கு வந்த புதிதில் எந்த ஏட்டில் எது இருக்கும் என்று தெரியாத தலைவரை, அந்த ஏடுகளில் பழகிய ஊழியர்கள் எளிதில் மடக்கிவிடுகிறார்கள். இயல்பிலேயே நேர்மையானவள் என்ற வாதத்தை இந்தக் கணக்கு உடைக்கிறது. பெண்ணால் முடியாது என்ற வாதத்தையும் சேர்த்தே உடைக்கிறது. குறை இருந்தது பழக்கத்தில். அந்தப் பழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பெண்ணுக்கு மறுத்தது யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

எண்ணப்படாத லஞ்சம்

இந்தக் கதையில் கடைசியாக வெளிச்சத்துக்கு வந்தது இன்னொன்று. காசு இல்லாத பெண்ணிடம் காசுக்குப் பதிலாக அவள் உடலைக் கேட்கும் அதிகாரி செய்வதும் ஊழல்தானே? நெடுங்காலம் ஊழல் சட்டங்கள் பணத்தையும் பொருளையுமே பேசின. டான்சானியா 2007-இல் இயற்றிய ஊழல் தடுப்புச் சட்டம், பதவியைக் காட்டிப் பாலியல் இணக்கம் கேட்பதைத் தனிக் குற்றமாக்கியது. பெண் நீதிபதிகளின் சர்வதேசச் சங்கம் இதை ஊழலின் ஒரு வடிவமாகவே பார்க்க வேண்டும் என்று பல நாடுகளில் பணியாற்றியது. டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் தன் கருத்துக்கணிப்பில் இந்தக் கேள்வியை முதன்முதலாக 2019-இல் சேர்த்தது. லத்தீன் அமெரிக்க, கரீபிய நாடுகளில் ஐவரில் ஒருவர், தமக்கு நேர்ந்ததாகவோ தமக்குத் தெரிந்தவருக்கு நேர்ந்ததாகவோ சொன்னார். 2020-இல் ஆசியாவில் கேட்டபோது ஏழு பேரில் ஒருவர் அப்படிச் சொன்னார்.

1999-இன் அட்டவணையில் இதற்குக் கட்டமே கிடையாது. பெண் லஞ்சம் வாங்குவாளா என்று உலகம் கேட்டுக்கொண்டிருந்தபோது, பெண்ணிடம் என்னென்ன லஞ்சம் கேட்கப்படுகிறது என்பது கேட்கப்படாமலே கிடந்தது.

பெண்கள் ஆட்சிக்கு வர வேண்டும். மக்கள்தொகையில் பாதி அவர்கள் என்பதே அதற்குப் போதுமான காரணம். அதற்கு மேல் நற்சான்றிதழ் எதுவும் தேவையில்லை. ஊழல் குறைய வேண்டுமென்றால் ஏடுகள் திறந்திருக்க வேண்டும், அவற்றைப் படிக்கப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும், படித்ததைச் சபையில் எழுந்து கேட்டுவிட்டுப் பத்திரமாக வீடு திரும்ப அவளால் முடிய வேண்டும். இந்த மூன்றும் இல்லாத ஊரில் எந்த நாற்காலியில் யாரை உட்கார வைத்தாலும் கணக்கு மாறாது. உங்கள் ஊரில் அடுத்த கிராம சபை கூடும்போது, வரவு செலவு ஏட்டை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்துக்குக் கேட்கும்படி படிக்கச் சொல்லுங்கள்.